பூக்குழி சுடாத கால்

வாய்யா மருமகனே, உக்காரு. அதென்ன, ஒத்தைச் செருப்போட வாரே? இன்னொண்ணு இந்தா, என் கையில இருக்கு. டீக்கடை முக்குலயே கழண்டு விழுந்துச்சு. திரும்பிப் பாப்பேன்னு நின்னேன். நீ பாட்டுக்கு ஊர்நியாயம் பேசிக்கிட்டே போயிட்டே. உன் காலுக்கே தெரியல, உனக்கு எங்க தெரியப்போவுது!

போன பங்குனியில பூக்குழி இறங்கிட்டு, ‘துளிகூடச் சுடல மாமா, எல்லாம் ஆத்தா அருளு’ன்னு தம்பட்டம் அடிச்சே. நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன். மூணாம் நாளு உங்கத்தை பாக்கா, உள்ளங்கால்ல எலந்தப்பழத் தண்டிக்குக் கொப்புளம். ஆத்தா அருளுன்னா கொப்புளம் ஏன்யா வருது? அது 12 வருசமா நீ சீராட்டி வளக்குற சுகரோட அருளு.

முன்ன ராத்திரியானா எரியுது, எறும்பு ஊருதுன்னு ஈரத்துணி சுத்திப் படுத்தே. இப்ப எரிச்சல் தன்னால நின்னுபோச்சுன்னு சிரிக்கே. நாய் குலைக்கலன்னா திருடன் போயிட்டான்னு அர்த்தமா? நாய் செத்துக் கிடந்தாலும் குலைக்காது மருமகனே.

சுகரு நரம்பைத்தான் அரிக்கும். நரம்புல நீளமானது பாதத்துக்குப் போறதுதான். தண்ணி குறைஞ்சா கடைமடைதான மொதல்ல காயும்? அதான் விரல் நுனியில ஆரம்பிச்சு மேல ஏறுது. எல்லா எரிச்சலும் சுகர் இல்ல. சாராயமும் நரம்பை அரிக்கும். உன்னைச் சொல்லல, பொதுவாச் சொன்னேன். பி12 சத்து குறைஞ்சாலும் எரியும். மெட்ஃபார்மின் வருசக்கணக்காத் தின்னா அது குறையலாம். அதுக்காக மாத்திரையை நீயா நிறுத்திராதே, ரத்தம் பாத்தாத் தெரிஞ்சிரும். இடுப்புல இருந்து ஒத்தைக் கால்ல மட்டும் சுரீர்னு இறங்குனா, அது பெரும்பாலும் முதுகெலும்புச் சங்கதி.

கால்ல உணர்வு இருக்கான்னு பாக்க டாக்டரு ஒண்ணும் கத்தியைத் தூக்க மாட்டாரு. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை, 10 கிராம் அழுத்தத்துல வளையும். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கால்ல வச்சு அமுக்குவாரு. கெத்துக்காகத் ‘தெரியுது, தெரியுது’ன்னு சொல்லி மானத்தை வாங்காதே. எரிச்சலுக்குப் பிரீகாபலின், டுலாக்செட்டின்னு மாத்திரை இருக்கு. மொளகாக் காரத்துல இருந்து எடுத்த களிம்புகூட உண்டு, சிரிக்காதே, நெசந்தான். ஆனா இதெல்லாம் எரிச்சலை அமத்தும், அவ்வளவுதான். செத்த நரம்பை எழுப்பாது. சுகரைக் கட்டுனாத்தான் மிச்சத்தைக் காப்பாத்தலாம். மூணு மாசச் சுகர் சராசரி காட்டுற ரத்தச் சோதனையில 7 சதவீதத்துக்குக் கீழ நிக்கணும்பாங்க. நீயோ ‘சீனி போடாம’ன்னு ஊருக்கே கேக்கச் சொல்லிட்டு, சத்தமில்லாம ரெண்டு சுசியத்தை உள்ள தள்ளுதே.

வலி தெரியாத காலு என்ன ஆகும்னு கேளு. கொல்லிமலையில பொறந்த வெள்ளைக்கார டாக்டரு, பால் பிராண்டுன்னு பேரு. தொழுநோய்க்காரங்க விரலு தன்னால அழுகி விழல, வலி தெரியாமப் புண்ணாக்கிப் புண்ணாக்கித்தான் போவுதுன்னு வேலூர்ல இருந்து கண்டு சொன்னாரு. அவங்க காலைக் காப்பாத்தப் போட்ட எம்.சி.ஆர்.ங்கிற மெத்து ரப்பர் செருப்பைத்தான் இப்ப சுகர்க்காரங்களும் போடுறாங்க. ஒண்ணு வாங்கு. சுடுதண்ணி ஒத்தடம் மட்டும் வேண்டாம். சூடு உனக்குத் தெரியாது, தோலு வெந்துரும். ராத்திரி படுக்கு முன்ன கண்ணாடியை வச்சு உள்ளங்காலைப் பாரு. மீசையைப் பாக்குறதுல பாதி நேரம் போதும்.

நாளைக்கு வெறும் வயித்தோட கிளம்பி வா, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். இந்தா உன் செருப்பு. மாட்டாதே, மொதல்ல உள்ள தடவிப் பாரு. குதிகால் பக்கம் கருவேல முள்ளு ஒண்ணு ஏறிக் கிடக்கு. எத்தனை நாளா அதுமேல நடக்கே? சரி, காலைத் தூக்கு, பாப்போம்.