பற்றரி ஊகவியல்: கிளவியாக்கம்

பாயிரம்

வாய்மொழியாக வந்ததை ஏட்டில் ஏற்றும் வேலை மாத்தளை மாவட்டத்துக்குப் புதிதல்ல. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் அலுவிகாரையில் பிக்குகள் கூடித் திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள். அங்கிருந்து கொஞ்சம் வடக்கே போய், பலாபத்வலையில் பிரியும் வீதியில் வந்தால் பல்லேபொல. இங்கே உட்கார்ந்து அடியேன் ஏட்டில் ஏற்றுவது அத்தனை புனிதமான சரக்கல்ல. "மின்சாரக் காருக்குப் பற்றரி செய்யிற பெக்டரி ஒண்டு வரப்போகுதாம்" என்று தொடங்கும் பேச்சு அது.

எங்கள் ஊருக்கு அப்படியொரு தொழிற்சாலை வருவதாக எவரும் அறிவித்ததில்லை. விற்பதற்கு அடியேனிடம் காணியும் இல்லை. ஆகவே நூலாசிரியருக்கு நடுநிலை தானே வாய்த்தது என்க.

நூற்பா

யாரே எங்கே எப்பொழு தெனவும்
எத்துணை என்ன எனவும் ஐந்தே
பற்றரி ஊகம் பகரும் காலை.

உரை

என்பது, பற்றரித் தொழிற்சாலை பற்றிய ஊகம் எல்லாம் ஐந்து வினாக்களுள் அடங்கும் என்றவாறு. செய்தியின் உண்மை பொய்யை வைத்துப் பிரிக்கலாகாதோ எனின், ஆகாது. ஊகத்துக்கு உண்மை பொய் பின்னால்தான் வந்து சேரும். சில ஊகங்களுக்கு வந்து சேர்வதே இல்லை.

முதலாவது ஆட்கிளவி, அஃதாவது யார் வருகிறார் என்பது. 2015 பொதுத்தேர்தல் காலத்தில் குளியாப்பிட்டியில் வொக்ஸ்வாகன் தொழிற்சாலை வருகிறது என்று கேட்காத காது குருநாகலிலும் இல்லை, மாத்தளையிலும் இல்லை. அந்த ஜேர்மன் நிறுவனமோ தனக்கு அப்படித் திட்டம் எதுவும் இல்லை என்றது. 2017 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டபோது பெயர்ப்பலகையில் இருந்தது வெஸ்டர்ன் ஒட்டோமொபைல் அசெம்ப்ளி. திறப்பு விழா 2024இல் நடந்தது. இதிலிருந்து பெறப்படும் விதி: ஆட்கிளவியில் எழுவாய் மாறினாலும் பயனிலை மாறாது. வருவார் வராதுபோனாலும் "வருகிறார்" நிற்கும். 2020 மார்ச்சில் விழுந்த இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் நீங்கி, பீ.வை.டீ. கார்கள் கண்டி வீதியில் ஓடத் தொடங்கியபின், எழுவாய் சீனத்துக்கு மாறியிருக்கிறது.

இரண்டாவது இடக்கிளவி. ஐந்தில் மூத்ததும் கொழுத்ததும் இதுவே; இலக்கணமும் இதற்கே விரிவாக வேண்டும்.

இடக்கிளவியின் பிறப்பிடம் அமெரிக்காவின் நெவாடா என்று கொள்வாரோடு அடியேனும் உடன்படுவேன். 2014இல் டெஸ்லா பெரும் பற்றரித் தொழிற்சாலை ஒன்று கட்டப்போவதாகச் சொல்லி, இடம் இன்னதென்று சொல்லாமல் விட்டது. நெவாடா, அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ், பின்னால் கலிபோர்னியாவும் சேர ஐந்து மாநிலங்கள் கச்சை கட்டின. அந்தக் கோடையில் ரீனோவுக்குக் கிழக்கே பாலைநிலத்தில் மண்வாரி இயந்திரங்கள் ஓடி நிலத்தைச் சமன் செய்தன, பிறகு நின்றன. அங்கே மண் வெட்டியது உண்மை என்று நிறுவனம் ஒத்துக்கொண்டது. ஆனால் வேறிடத்திலும் வெட்டக்கூடும் என்று கூடவே சொன்னது. ஒரு தொழிற்சாலைக்கு இரண்டு மூன்று இடத்தில் அடிக்கல்! செப்டம்பரில் நெவாடா வென்றபோது அது விட்டுக்கொடுத்த வரியும் சலுகையும் ஏறக்குறைய 125 கோடி டொலர். இடத்தைச் சொல்லாமல் இருப்பதற்கும் விலை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல மேற்கோள் அகப்படவில்லை.

நம் பக்கத்தில் இடக்கிளவி பேர்ச் கணக்கில் நடக்கும். கடையில் ஒருவர், "ரோட்டுப் பக்கக் காணியை இப்ப குடுத்துராதீங்க" என்று அக்கறையோடு சொன்னால், அவர் வாங்குபவர் அல்லர். விற்கவிருக்கும் இன்னொருவரின் மைத்துனர். "இப்பவே குடுத்துருங்க, பெறகு அரசாங்கம் எடுத்துரும்" என்று சொன்னால் அவர்தான் வாங்குபவர். இவ்விரண்டும் ஒரே வாயில் ஒரே மாலையில் வருவதும் உண்டு. அதற்குப் பெயர் உம்மைத்தொகை.

மூன்றாவது காலக்கிளவி. "அடுத்த வருஷம்." இதற்கு மேல் உரை வேண்டியதில்லை.

நான்காவது அளவைக்கிளவி. கிகாவாட்-மணி என்ற அளவு வந்தபின் ஊகத்துக்குப் புதுத் தெம்பு வந்தது, கேட்பவருக்கு அது எவ்வளவு என்று தெரியாதபடியால். ஒரு கிகாவாட்-மணி என்பது நடுத்தரக் கார்கள் பதினாறாயிரம் பதினேழாயிரத்துக்குப் போதுமான பற்றரி. இந்திய அரசின் ஊக்கத் திட்டத்தில் ஓலா நிறுவனம் 20 கிகாவாட்-மணிக்கு 2022இல் கையெழுத்திட்டது. கிருஷ்ணகிரியில் எழுந்த ஆலையின் முதற்கட்டம் 1.4. கையெழுத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே உள்ள இத்தூரத்தை உரையாசிரியர் சிலர் குறை என்பர். அற்றன்று, அந்த ஆலையில் மெய்யாகவே செல் செய்கிறார்கள். ஆகவே அதை இவ்வியலிலிருந்து கழித்துவிடுவதே முறை.

செல் என்றதும் ஐந்தாவதற்கு வந்துவிட்டோம். பொருட்கிளவி: அங்கே என்னதான் செய்வார்கள்?

எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் இதை ஒருதரம் கேட்டுப் பார்த்தேன்.

"நானா, பற்றரி பெக்டரியில என்ன செய்வாங்க?"

"பற்றரிதான் தம்பி."

"செல்லா, பேக்கா?"

நானா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "ரெண்டுந்தான்" என்றார். அருகிலிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

நானாவைக் குறை சொல்வதற்கில்லை. அமைச்சர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். பேக் என்பது வேறெங்கோ செய்த செல்களை வாங்கிப் பெட்டியில் அடுக்கி, வயர் பூட்டி, மூடியை முடுக்குவது. நல்ல கொட்டகை இருந்தால் நடக்கும். செல் செய்வது அப்படியல்ல. செப்புத் தகட்டில் கிராஃபைட்டையும் அலுமினியத் தகட்டில் மற்றக் கலவையையும் மயிரிழை தப்பாமல் பூசி, உலர்த்தி, சுருட்டி, மின்பகு திரவம் ஊற்றி, நாட்கணக்கில் மெல்ல மின்னேற்றிப் பார்க்க வேண்டும். ஈரம் ஆகவே ஆகாது. அறைக் காற்றின் பனிநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை. கார்த்திகை மழையில் பப்படம் பொரித்துத் தட்டில் வைப்பதற்குள் நமர்த்துப்போகும் மாவட்டத்தில் அந்த அறையை உலர்ந்தபடி வைத்திருக்க வரும் மின்கட்டணத்தை யாரும் ஊகிப்பதில்லை.

பொருட்கிளவியைக் கேளாமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் பிளித் நகருக்கு பிரிட்டிஷ்வோல்ட் என்ற பற்றரி நிறுவனம் வரும் வரும் என்று சொன்னார்கள். 2023 ஜனவரியில் நிறுவனம் விழுந்தது. அந்த நிலம் இப்போது தரவு மையத்துக்கு. சென்னையருகே மறைமலைநகரில் ஃபோர்ட் திரும்பி வருகிறது என்றதும் மின்சாரக் கார், பற்றரி என்று ஊர் முழுக்கக் கணித்தது. 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் வந்தது. பொருள்: எஞ்சின்.

இனி நம் மண்ணுக்கே உரிய கிளைவகை ஒன்று. மினிரன், அதாவது பென்சிற்கரி. பாறை வெடிப்புகளில் நரம்பாக ஓடும் கிராஃபைட்டை வணிக அளவில் தோண்டும் நாடு இலங்கைதான். எங்கள் மேற்கெல்லைக்கு அப்பால் தொடங்கஸ்லந்தைப் பக்கம் கஹட்டகஹ சுரங்கம், கேகாலையில் போகல. முதலாம் உலகப்போர்க் காலத்தில், 1916இல், ஏற்றுமதி 33,000 தொன்னைத் தாண்டியது. நாட்டின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் தகப்பனார் பணம் பண்ணியதும் இதில்தான். இன்றைய உற்பத்தி அதன் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் கிலோவாட்-மணி ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கிராஃபைட் வேண்டும் என்று யாராவது சொன்னால் போதும்: "மினிரன் நம்மட்ட இருக்கு, பெக்டரியும் இங்கதானே வரணும்!"

வராது. கல்லைத் தோண்டி எடுத்தபடியே செல்லுக்குள் போட முடியாது. அரைத்து, மணியுருண்டையாக்கி, 99.95 வீதத்துக்குச் சுத்திகரித்து, மேலே கரிப்பூச்சுப் பூச வேண்டும். உருட்டும்போதே பாதிக்குமேல் தூளாகக் கழிந்துபோகும். இந்த வேலையில் உலகத்துக்கே சீனந்தான் கடை விரித்திருக்கிறது. அங்கே சுத்திகரிப்புக்கு வழமையாகப் பயன்படுவது ஹைட்ரோபுளோரிக் அமிலம். கண்ணாடியையே தின்னும் சரக்கு. நம் கல் பிறப்பிலேயே தூய்மை கூடியது, அமிலம் குறைவாகப் போதும் என்பாரும் உளர். அவர்களுடன் பேசத் தயார். முதலில் ஊகிப்பவர்கள் இந்த இடம்வரை வர வேண்டுமே.

புறனடை

பொருட்கிளவிக்கு மெய்யான சான்று ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. அதே கடையில், உலர்ந்த மிளகுச் சாக்கை வாசலில் இறக்கிவைத்த ஒரு பெண்மணி, சில்லறையை எண்ணியபடி கேட்டார்: "சரி, வரட்டுமே. அந்த மினிரனைக் கழுவுற தண்ணிய எந்த ஓயாவுல விடுவாங்க?"

இதை எந்த வகையில் அடக்குவது என்று அடியேன் யோசிப்பதற்குள், அவையோர் ரோட்டுப் பக்கக் காணி பேர்ச் என்ன விலை போகும் என்பதற்குத் திரும்பிவிட்டார்கள்.