வலை மாற்றிய கதை

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஒரு பையன் ட்ரெய்லர் ஓட்டப் போவதாகச் சொன்னான். "அப்போ கடலு?" என்றார் அப்பா. "கடல்ல என்னா நைனா கீது?"

நியாயமான கேள்விதான். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் உண்டு. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் உண்டு. 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் உண்டு. மீனைத்தான் தேட வேண்டும். எண்ணெயும் சாம்பலும் கலந்து வந்தபின், ஓடத்தை விட்டு லாரிக்கு மாறுவது பெரிய மாற்றமா என்ன?

சட்டமும் தாராளமானது. வயது 20, கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு, அப்புறம் ஹெவி. எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்ற விதியை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளுக்கு கேபின் ஏசி கட்டாயம். கட்டுமரத்துக்கு இப்படி யார் கரிசனப்பட்டார்கள்?

பையன் கிளீனராக ஏறிய முதல் நாள், வண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வரிசையில் நின்றது. நின்றது என்றால், இன்ஜினை அணைத்து, ஸ்டவ்வை இறக்கி, சோறு பொங்கிச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்ட பிறகும் முன்வண்டியின் பின்பக்கமே தரிசனம். இத்தனைக்கும் கடல் பக்கத்திலேயே, கூப்பிடு தூரம்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். "எவ்ளோ தூரம் போனே?"

"இன்னும் இங்கதான் நைனா. நம்ம படகு தெரியுது."

"அப்டியே எறங்கி வா. வலை பிரிக்க ஆளில்ல. திரும்பிப் போறப்போ வண்டி அங்கியேதான் நிக்கும்."