ஆனைக்கே தெரியுமுங்க சார்

பிப்ரவரி 28 நெருங்கிவிட்டால் ஸ்டேஷனரி கடைக்காரர்களுக்குத் தீபாவளி. 1928-இல் அதே நாளில் சி.வி. ராமன் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தார். சூரிய ஒளி, சில லென்சுகள், வண்ண வடிகட்டிகள், வெறும் கண் ஆகியவற்றை நம்பித்தான் அவர் வேலையைத் தொடங்கினார். 1987 முதல் அந்த நாளைத் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடும் நமக்கோ தெர்மாகோல் இல்லாமல் கை ஓடாது. மாடல் செய்வது அப்பா, பெயின்ட் அடிப்பது அம்மா, மேடையேறிப் பரிசு வாங்குவது பிள்ளை. இரண்டாம் பரிசு என்றால் அன்றிரவு அப்பா சாப்பிட மாட்டார்.

ஆனைகட்டியில் அந்த வசதியெல்லாம் குறைவு. கோவையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. அங்கே ஒரு தொடக்கப் பள்ளியின் அறிவியல் வாரத்துக்கு நண்பரோடு போயிருந்தேன். நண்பர் பம்ப் கம்பெனி இன்ஜினியர். யூடியூப் பார்த்து ஒரு எரிமலை செய்து வந்திருந்தார். களிமண் கூம்பு, உள்ளே ஆப்பசோடா, மேலே ஊற்றச் சிவப்புச் சாயம் கலந்த வினிகர். ஊற்றினார், பொங்கியது, கைதட்டினார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான்.

"இது எங்கீங்க சார் இருக்குது?"

"நம்ம நாட்டுல, அந்தமான் பக்கம் பாரன் தீவுல."

"பஸ் போகுமாங்க?"

"போகாது."

"அப்ப வேற ஏதாச்சும் காட்டுங்க சார்."

நண்பர் இரண்டு செல், ஒரு சின்ன பல்ப், கொஞ்சம் ஒயர் எடுத்தார். நடுவே ஆணியை வைத்தால் எரிந்தது. சாவிக்கும் எரிந்தது. மரக் குச்சிக்கு எரியவில்லை. "மரத்தில் மின்சாரம் பாயாது" என்று போர்டில் எழுதத் திரும்பினார்.

"அது ஆனைக்கே தெரியுமுங்க சார்" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

"எப்படிம்மா?"

"சோலார் வேலி மேல மரத்தச் சாய்ச்சுப் போட்டுட்டுத் தாண்டிப் போயிருமுங்க. கொம்பானையா இருந்தா கொம்பாலயே கம்பிய அத்துரும். கொம்புல ஷாக் அடிக்காதுங்க."

கதையில்லை, உண்மை. தந்தம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. யானைகள் இப்படி வேலியைச் சாய்ப்பதை இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதுமில்லை. ஏறக்குறைய வினாடிக்கு ஒருமுறை துடிப்பாக வந்து போகும். அதனால்தான் தொட்ட யானை சாகாமல் திட்டிக்கொண்டு திரும்புகிறது. இதையும் ஒருவன் சொன்னான்: "பொட்டில டிக் டிக்குன்னு சத்தம் வரலீன்னா பேட்டரி போச்சுன்னு அர்த்தமுங்க."

அதற்குப் பிறகு வகுப்பெடுத்தது அவர்கள்தான். நண்பர் கையில் பல்புடன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாலிம் அலி பெயரில் பறவையியல் மையமே இருக்கிற ஊர். இவர்கள் பறவைகளைப் பற்றித் தொடங்கியபோது மணி அடித்துவிட்டது. நல்லவேளை, இருந்த மானம் மிஞ்சியது.

உங்களையும் யாராவது அறிவியல் வாரத்துக்குக் கூப்பிட்டால் வினிகரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மருந்து சுரண்டிய தீக்குச்சிகளும் சைக்கிள் வால்வு டியூபும் போதும் என்று, பொம்மைகள் செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். டியூபைத் துண்டு துண்டாக நறுக்கிக் குச்சிகளைக் கோத்தால் சதுரம் நெளியும், முக்கோணம் நெளியாது. மிச்ச நேரத்தில் நீங்கள் பேசாதீர்கள்; அவர்களைப் பேச விடுங்கள். பொன்னாடை வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதிலேயே அரைமணி நேரம் போகிறது.