கரியமில வாயு: பிரிட்டனின் கணக்கு எப்படிப் பாதியானது?

பிரிட்டன் வெளியேற்றும் கரியமில வாயு 1990இல் இருந்ததில் பாதியாகிவிட்டது என்கிறார்களே, நிஜமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

நிஜம். அன்றைக்கு ஏறக்குறைய 60 கோடி டன். 2023இல் 30 கோடி டன் சொச்சம். இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகை 5.7 கோடியிலிருந்து 6.8 கோடியானது, பொருளாதாரமும் 80 சதவீதம் அளவுக்கு வளர்ந்தது. ஆளும் கூடி வருமானமும் கூடிய நாட்டில் புகை மட்டும் பாதியாகியிருக்கிறது. பிரித்துப் பார்க்கத் தகுந்த கணக்கு இது.

யார் அளந்தார்கள்? ஒவ்வொரு புகைபோக்கியிலும் கருவி வைத்தா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர்

பெரும்பாலும் பேரேட்டை வைத்துத்தான். உள்நாட்டில் எடுத்த எரிபொருளோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, கிடங்கு இருப்பின் ஏற்ற இறக்கத்தையும் சரிக்கட்டினால் எரிந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் வகுப்பில் நடத்திய வேதியியல்தான். கார்பனின் நிறை 12. இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தால் 44. ஆக, ஒரு டன் கார்பன் முழுக்க எரிந்தால் 3.67 டன் கரியமில வாயு. முதலில் வெளியாவது தற்காலிகக் கணக்கு, பின்னால் திருத்துவார்கள். ஒரே ஆண்டின் ஒரு சதவீத மாற்றத்தை வைத்து யாரையும் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம்.

எந்தக் காரணத்தால் எவ்வளவு குறைந்தது என்று பிரிக்க முடியுமா?
– பொருளியல் மாணவர், மதுரை

ஜப்பானியப் பொருளியலாளர் யோய்ச்சி காயா ஒரு வழி சொன்னார். மக்கள்தொகை, தலைக்கு வருமானம், அந்த வருமானத்தை ஈட்டச் செலவாகும் ஆற்றல், அந்த ஆற்றலோடு வரும் கரியமில வாயு ஆகிய நான்கையும் பெருக்கினால் மொத்தம் கிடைக்கும். பிரிட்டனில் முதலாவது 1.2 மடங்கு, இரண்டாவது 1.5 மடங்கு. இவை மட்டும் மாறியிருந்தால் புகை 1.8 மடங்காகியிருக்கும். பாதியானது என்றால், பின்னிரண்டும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். 20 சதவீதமும் 50 சதவீதமும் கூட்டினால் 70. பெருக்கினால் வருவதோ 80. அந்த மிச்சப் பத்தை எந்தக் காரணத்தின் தலையில் கட்டுவது? ஆய்வாளர்களின் முறைகள் பிரிவது இந்த இடத்தில்தான்.

இவ்வளவு கணக்கு வேண்டாம். ஒரே காரணம் சொல்லுங்கள்.
– மளிகைக் கடைக்காரர், தேனி

நிலக்கரி.

அதை எப்படிக் கைவிட்டார்கள்? கொஞ்சம் விரிவாகச் சொல்லலாமே.
– மின்வாரிய ஊழியர், நெய்வேலி

1990களில் வட கடல் எரிவாயு நிலக்கரியின் இடத்தைப் பிடித்தது. அதே அளவு மின்சாரத்துக்கு எரிவாயு விடும் புகை பாதிக்கும் குறைவு. அப்படியும் 2012இல் மின்சாரத்தில் 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. 2013இல் கார்பனுக்கு அடிமட்ட விலை வைத்தார்கள். ஐரோப்பியச் சந்தை விலைக்கு மேல் டன்னுக்கு 18 பவுண்டு வரை அது கூடியது. நிலக்கரி நிலையங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கடலில் காற்றாலைகள் பெருகின, மின்தேவையும் குறைந்தது. 2019இல் நிலக்கரியின் பங்கு 2 சதவீதம். லண்டனில் 1882இல் தொடங்கிய நிலக்கரி மின்சாரத்தின் கதை, நாட்டிங்ஹாம்ஷயரின் ராட்கிளிஃப் நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டதோடு முடிந்தது. ஒரு நாடு மனம் வைத்தால், 2012இலிருந்து 2019க்குள் ஏழே ஆண்டில் இவ்வளவு செய்ய முடிகிறது. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆலைகளை மூடிவிட்டு வெளிநாட்டில் வாங்கினால் அதுவும் குறைந்த கணக்குதானா?
– நூற்பாலைத் தொழிலாளி, கோவை

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ராட்கிளிஃப் மூடிய அதே நாளில், வேல்ஸின் போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீல் அங்கிருந்த தன் கடைசி ஊதுலையை அணைத்தது. பேரேட்டில் இரண்டும் ஒரே மாதிரி கழித்தல்தான். ஆனால் ராட்கிளிஃபின் வேலையைச் செய்யக் காற்றாலையும் எரிவாயுவும் உள்நாட்டிலேயே இருந்தன. போர்ட் டால்பட்டில் பழைய இரும்பை உருக்கும் மின் உலை வரும்வரை, இரும்புத் தாது உருகுவது வேறு நாட்டில். புகை அங்கே எழும். எஃகு பிரிட்டனுக்கு வரும். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பும் போனது. நுகர்வை வைத்துக் கணக்கிட்டால் பிரிட்டனின் எண் கணிசமாக உயர்கிறது. அந்தக் கணக்கிலும் இறக்கம் உண்டு, ஆனால் பாதி இல்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டும் என்பது என் கட்சி.

விறகு எரித்தால் கணக்கில் சேராதாமே?
– இயற்கை விவசாயி, ஈரோடு

மின்துறைக் கணக்கில் சேராது. யார்க்ஷயரின் டிராக்ஸ் நிலையம் நிலக்கரிக்குப் பதில் மரத்துகள் உருண்டைகளை எரிக்கிறது. பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. சர்வதேச விதிப்படி, மரம் வெட்டிய நாட்டின் நிலக் கணக்கில் அது இழப்பாக ஏற வேண்டும். வெட்டிய காடு மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் புகைபோக்கியிலிருந்து போன வாயு வானில்தான் இருக்கும். இதைச் சுழியம் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தியாவின் வெளியேற்றம் ஏறிக்கொண்டே போகிறது. அவர்கள் நம்மைக் குறை சொல்வது நியாயமா?
– வழக்கறிஞர், சேலம்

இந்தியரின் தலைக்கு ஆண்டுக்கு 2 டன் அளவு. பிரிட்டிஷ்காரருக்கு அதன் இரு மடங்குக்கும் மேல். தொழிற்புரட்சி முதல் எரித்த எரிபொருளைக் கூட்டினால், 7 கோடிப் பேர்கூட இல்லாத பிரிட்டன் 140 கோடிப் பேர் கொண்ட இந்தியாவைவிட இன்னமும் மேலே நிற்கிறது. குறை சொல்லும் தகுதி அவர்களுக்கு இல்லை. ஆனால் நிலக்கரியை விட்ட அனுபவத்தை அவர்களிடம் கேட்டு வாங்குவது நமக்கு நல்லது.

இன்னும் அங்கே குறைக்க என்ன மிச்சம்?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

வீடும் வண்டியும். பத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் குளிர் காய எரிவாயுக் கொதிகலன். போக்குவரத்துப் புகை 1990இலிருந்து கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. மின்நிலையத்தை மூட ஓர் உத்தரவு போதும். கொதிகலனை மாற்ற இரண்டு கோடிக் குடும்பங்களுக்கு மேல் சம்மதிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டுக் கணக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்கட்டும்?
– பத்திரிகைப் பயிற்சி மாணவி, சென்னை

குளிர்காலம் எப்படி இருந்தது என்று. 2010 டிசம்பரில் பிரிட்டனில் கடுங்குளிர். அந்த ஆண்டு வெளியேற்றம் ஏறியது. மறு ஆண்டு குளிர் தணிந்தது. எண் நன்றாகவே இறங்கியது. வெப்பநிலையைச் சரிக்கட்டிய பட்டியல் ஒன்றும் அந்த அரசே வெளியிடுகிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.