சகிக்கு ஒரு சீசன் பாஸ்

மும்பையில் அரங்கேற்றத்துக்கு நாள் குறிப்பவர் ஜோசியர் இல்லை. ஹால் கிடைக்க வேண்டும், மிருதங்கக்காரருக்கு வேறு கச்சேரி இருக்கக் கூடாது, அமெரிக்கச் சித்தப்பா ஊரில் இருக்க வேண்டும். மூன்றும் கூடிவரும் முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில்தான் விழும். தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில் தடத்தை அடைக்கும் மெகா பிளாக்கும் அன்றைக்குத்தான். போன ஞாயிறு கல்யாணில் ஏறிய ஃபாஸ்ட், முலுண்டில் ஸ்லோ தடத்துக்கு மாறி, பாண்டுப், விக்ரோலி, சயான் என்று கேட்காத ஊரிலெல்லாம் நின்றது. மாட்டுங்காவில் மட்டும் நிற்கவில்லை. தாதர் வரை போய், ஒரு ஸ்டேஷன் பின்னால் வந்து, வியர்வையும் மொய்க் கவருமாக ஹாலுக்குள் நுழைந்தபோது அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம் எல்லாம் போய்விட்டிருந்தன. ஒரு பெண் மைக்கைப் பிடித்து வர்ணத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டு தமிழ். உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசி தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலி. விளக்கம் இங்கிலீஷ்.

தலைவனைப் பிரிந்த நாயகி, அவனை அழைத்து வரும்படி சகியிடம் கெஞ்சுகிறாளாம். அவ்வளவுதான் விஷயம். வாட்ஸாப்பில் ஒரு வரி. மேடையில் நாற்பது நிமிடம்.

நான் எழுத உட்கார்ந்தது உண்மையில் கன்டெம்பரரி டான்ஸைப் பற்றி. என் மகள் போகும் கிளாஸில் பரதத்தோடு இப்போது அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைப் பற்றி எனக்குத் திட்டவட்டமான ஒரு கருத்து உண்டு. வருகிறேன். முதலில் இந்தச் சகியை அனுப்பிவைத்துவிடுவோம்.

தஞ்சை நால்வர் காலத்திலிருந்து அவள் இதே வேலையைத்தான் பார்க்கிறாள். ஆனந்தபைரவியில் அவளைக் கூப்பிட்டே தொடங்குகிற வர்ணம்கூட இருக்கிறது. இருந்தும் அவளை யாரும் பார்த்ததில்லை. மேடை ஓரத்தில், சுமார் ஐந்தடி உயரத்தில், காற்றாக நிற்கிறாள். நிலா சுடுகிறது என்று அவளிடம் சொல்லியாகிறது. சந்தனம் எரிகிறது, குயில் வதைக்கிறது, மன்மதன் ஐந்து பூவையும் எய்துவிட்டான். அவள் கிளம்பப் பார்க்கிறாள். அதற்குள் நட்டுவாங்கம் செய்பவர் ஒரு தீர்மானம் சொல்லித் தாளத்தைத் தட்ட, நாயகி மேடை முழுக்கச் சுற்றி வந்து, அதே வரியைத் திரும்பத் தொடங்குகிறாள். இந்த முறை கண்ணால். அடுத்த முறை கையால். அதற்கடுத்த முறை, முதன்முதலாக அவனைக் கோவில் வாசலில் பார்த்த கதை. முதல் தடவை சொன்னபோதே விட்டிருந்தால் சகி இந்நேரம் காட்கோபர் தாண்டியிருப்பாள்.

அவள் கல்யாண்காரியாக இருந்தால் இத்தனை நேரம் நிற்கவும் மாட்டாள். “ஆளைச் சொல்லு” என்பாள். நாயகி உடனே பிறையைக் காட்டுவாள், சடையைக் காட்டுவாள், பாம்பு, உடுக்கை, காளை எல்லாவற்றையும் முத்திரையில் வரிசையாகக் காட்டுவாள். சகி பொறுமையாகப் பார்த்துவிட்டு, “அடையாளமெல்லாம் சரிதாம்மா, ஸ்டேஷனுக்கு ஈஸ்டா வெஸ்டா?” என்பாள். பரதத்தில் ஒற்றைக் கை முத்திரை 28, இரட்டைக் கை முத்திரை 24. இவற்றில் ஈஸ்டுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

சரி, போகிறாள். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் நாலாவது சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு போகிறாள். அவன் வேறொருத்தி வீட்டில் இருக்கிறான். வரமாட்டேன் என்கிறான். இவள் ஒரு டீகூடக் குடிக்காமல் திரும்புகிறாள். இதற்கப்புறம் நடப்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. திரும்பி வந்த சகியின் கலைந்த தலையையும் கசங்கிய சேலையையும் நெற்றியில் அழிந்த பொட்டையும் பார்த்து, ‘நீயே அவனோடு இருந்துவிட்டு வருகிறாயா’ என்று நாயகி சந்தேகப்படுகிறாள். இதற்கென்றே பதங்கள் உண்டு. அன்யசம்போக துக்கிதா என்று சாஸ்திரப் பெயர் வைத்து, பரீட்சையில் கேள்வியாகவும் கேட்கிறார்கள். ஐயா, மாலை ஆறரை மணி கல்யாண் ஃபாஸ்டில் ஏறி வந்தவளின் தலை வேறெப்படி இருக்கும்? அந்த ரயிலில் ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் அந்த சாகித்தியத்தை எந்தப் புலவரும் எழுதியிருக்க மாட்டார்.

எனக்குச் சகி மேல் இத்தனை கரிசனம் வரக் காரணம், அவளை எனக்கு நேரில் தெரியும். அவள்தான் எங்கள் கிளாஸ் மாடிப்படியில் மேத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மாக்கள். பையில் சலங்கை, தட்டுமுட்டு, டப்பாவில் உப்புமா. உள்ளே டீச்சர் தட்டுக்கழியால் தட்டும் ஜதி அத்தனையும் இவர்களுக்கு மனப்பாடம், பிள்ளைகளுக்குத்தான் மறந்துபோகும். என் மனைவியை நள்ளிரவில் எழுப்பினாலும் கண்டசாபு சொல்வாள்.

இந்த அம்மாக்களின் அலைச்சல் ஒரு காலத்தில் இல்லாதது. 1945-இல் திருவிடைமருதூர் நட்டுவனார் குடும்பம் மாட்டுங்காவுக்கு வந்து ஸ்ரீராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்கியது. காவிரிக் கரையிலிருந்து வித்தையே கிளம்பி, மாணவி வீட்டுப் பக்கத்துக்கு வந்தது. பிறகு வாடகை ஏற ஏற நம்மவர்கள் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று தள்ளிப்போய்க் கல்யாணில் வந்து விழுந்தோம். கல்யாணில் டீச்சர் இல்லாமலா போனார்? எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியிலேயே ஒருவர் இருக்கிறார். நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் லிஃப்டில் போய்க் கற்றுக்கொண்டால் அது கலையாகுமா? ரயிலேறி, இடிபட்டு, தாதரில் மாறினால்தானே நமக்குத் திருப்தி. “மாட்டுங்காவில் கத்துக்கறா” என்று சொல்லும்போது என் மனைவியின் முகத்தில் வரும் பாவம் நவரசத்தில் சேராதது.

இதில் மதிப்பெண் வேறு. சாஸ்திரியக் கலையில் தேர்வு எழுதித் தேறியிருந்தால் மகாராஷ்டிர போர்டு பத்தாம் வகுப்பில் கூடுதல் மார்க் தருகிறது. அதனால் காந்தர்வ மகாவித்யாலயப் பரீட்சைக்கு, பிரவேசிகா, மத்யமா என்று பிள்ளைகளைவிடப் பெற்றோர் தீவிரமாகப் படிக்கிறோம். போன வாரம் ஒரு அப்பா, சிருங்காரத்துக்கு எத்தனை மார்க் என்று டீச்சரிடமே கேட்டார்.

சண்முகானந்தா அரங்கம் 1990-இல் எரிந்தது. 1998-இல் திரும்பத் திறந்தார்கள். அத்தனை பெரிய கட்டடத்தைத் தூக்கி நிறுத்தவே எட்டு வருடம்தான். என் மகளை உட்கார வைக்க அது போதாது போலிருக்கிறது. அரைமண்டி இன்னும் கால்மண்டியிலேயே நிற்கிறது. முழங்கால் வலிக்கிறதாம். அதனால்தான் கன்டெம்பரரியைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். அதில் முட்டியை எப்படி வைத்துக்கொண்டாலும் அது வெளிப்பாடு. தரையில் படுத்துப் புரளலாம். கஷ்டமாக இருந்தால் அப்படியே படுத்துக்கிடக்கலாம், கைதட்டுவார்கள்.

அதற்காக நான் பழமைவாதி இல்லை. இதே மும்பையில் இருந்த கன்டெம்பரரி கலைஞர் அஸ்தாத் தேபூ சிறுவயதிலேயே கதக் கற்றவர், பிறகு கதகளியும் கற்றவர். அதற்கப்புறம்தான் தனக்கென்று ஒரு ஆட்டம் கண்டுபிடித்தார். 1985-இல் சந்திரலேகா தன் ‘அங்கிகா’ நடனத்தில் பரதத்தையும் களரிப்பயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார் என்றால், பரதத்தில் அவர் பார்க்காததா? உடைக்க வேண்டுமென்றால் முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். எங்கள் கிளாஸில் நாட்டடவு முடிவதற்குள் உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் கருத்து இதுகூட இல்லை. அது இதைவிடக் கொஞ்சம் நுட்பமானது. அதாவது,

“ஏங்க, இங்க வாங்க.” கிளாஸ் குரூப்பில் செய்தி வந்திருக்கிறது. ஆண்டு விழாவில் பிள்ளைகளின் கன்டெம்பரரி உருப்படிக்குத் தலைப்பு ‘மும்பை லோக்கல்’. பின்னணியில் நெரிசல் தத்ரூபமாக இருக்க வேண்டுமாம். அப்பாக்கள் எட்டு பேர் தேவை. நடனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒருவரை ஒருவர் தள்ளத் தெரிந்தால் போதும். கல்யாண் பக்கத்து அப்பாக்களுக்கு முன்னுரிமை.

என் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். கறுப்பு டீ-ஷர்ட் இருக்கிறதா, வாங்க வேண்டுமா என்றுதான் கேட்கிறாள்.