ரகசியம், பாகம் ஒன்று

பெர்லினின் பெர்கைன் கிளப்பில் வாசலிலேயே செல்போன் கேமராமீது ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே நடப்பது வெளியே தெரியக் கூடாதாம். அந்த நடனக் கிளப் உலகை ஊரறியச் செய்யத்தான் ஆவணத் தொடர்கள் வரிசைகட்டுகின்றன. டிஜேக்களின் இசையை இணையத்தில் நேரலையாகக் காட்டும் பாய்லர் ரூம், லண்டனில் 2010இல் ஒரு வெப்கேமோடு தொடங்கியது. டிஜேக்குப் பின்னால் நிற்கும் கூட்டம் ஆடுவது இசைக்கா, லென்ஸுக்கா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இத்தொடர்களின் எடிட்டர் பாடுதான் திண்டாட்டம். இடத்தைக் காட்டக் கூடாது, முகத்தை மங்கலாக்க வேண்டும், பாட்டுக்கு உரிமம் வாங்கக் காசில்லை. மிஞ்சுவது புகை. அதன்மேல், "அந்தக் காலத்துப் பார்ட்டி வருமா!" என்று சோபாவில் சாய்ந்தபடி ஒரு பழைய டிஜே (எல்லாப் பாகத்திலும் வருவார்). ஒரே ஆறுதல், எங்கே வெட்டினாலும் தாளத்தில்தான் விழும். பிரிட்டனின் 1994ஆம் ஆண்டுச் சட்டமே ரேவ் எனும் இரவு நடனக் கூட்டங்களின் இசையைத் திரும்பத் திரும்ப வரும் தாளம் என்றுதான் அடையாளம் காட்டியிருக்கிறது.