சீடேக்ஸும் செக்ரோலும்: சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஆயிரக்கணக்கான கோப்புகள் கொண்ட நிரலில் ஒரு ஃபங்ஷன் எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாரியாயி எந்த லயத்தில் (வரிசை வீட்டில்), எந்தக் காம்பராவில் (அறையில்) இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது எப்படி? இவை இரண்டும் ஒரே கேள்வி என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இதுவரை எவரும் இதை நிறுவாததன் காரணம் எளிது. நிரல் எழுதுவோர் லயத்துக்கு வருவதில்லை. லயத்திலிருந்து நிரல் எழுதப் போன பிள்ளைகள் தீபாவளிக்கு மட்டும் வருகிறார்கள்.

2. முன்னோடி யார்?

கென் ஆர்னல்ட் எழுதிய சீடேக்ஸ் என்ற கருவி 1979இல் பெர்க்லி யூனிக்ஸோடு வெளிவந்தது. கட்டளை வரியில் ‘சீடேக்ஸ் -ஆர்’ என்று தட்டினால், அதன் இன்றைய பதிப்பு எல்லா அடைவுகளுக்குள்ளும் இறங்கி ஒரு பட்டியல் தயாரிக்கும். பெயருக்கு ஒரு வரி: பெயர், அது இருக்கும் கோப்பு, அங்கே தேடவேண்டிய வாசகம். விம் எடிட்டரில் கன்ட்ரோலோடு மூடும் சதுர அடைப்பை அழுத்தினால் வரையறைக்குத் தாவலாம். கன்ட்ரோல்-டி அழுத்தினால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பலாம்.

உலகம் ஆர்னல்டைக் கொண்டாடட்டும். ஆனால் இலங்கைத் தோட்டங்கள் அவரை 78 ஆண்டுகள் முந்திக்கொண்டன. 1901இல் தகர டிக்கெட் முறை வந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒவ்வொருவருக்கும் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரத் துண்டு ஒன்று. அதைப் பார்த்தே ஆளைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறியது. தாவும் வசதி இவ்வளவு துல்லியம். திரும்பும் வசதிதான் இல்லை. ‘இவ்வளவு கடனைத் தீர்த்தால் ஆளை விடுகிறோம்’ என்று எழுதிய துண்டு கையில் இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குக்கூடப் போக முடியாது. அத்துண்டு முறை ஒழிய 1921 ஆயிற்று.

3. இலக்கமா, வாசகமா?

சீடேக்ஸின் நுட்பம், வரி எண்ணை நம்பாமல் வாசகத்தை எழுதிவைப்பதில் இருக்கிறது. மேலே நாலு வரி புதிதாகச் சேர்ந்தால் எண் பொய்த்துவிடும், வாசகம் பொய்க்காது. இக்கோட்பாட்டை நம் மக்கள் எந்தக் கையேடும் படிக்காமலே கண்டடைந்தார்கள். “கோயிலடி லயம், தொங்கக் காம்பரா, வாசல்ல பலா மரம்” என்பது முழுமையான தேடல் வாசகம். லயத்தில் இரண்டு காம்பரா கூட்டிக் கட்டினாலும் செல்லும். பலா மரத்தை வெட்டினால் மட்டும் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். சீடேக்ஸுக்கும் இதே விதிதான்.

ஒரே பெயருக்குப் பல வரையறைகள் இருந்தால், கேட்டுக்கொண்டால் விம் ஒரு பட்டியலைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும். தோட்டத்திலும் அப்படியே.

“மாரியாயி வீடு எதுங்க?”

“எந்த மாரியாயி? பால் வெட்டுற மாரியாயியா, புள்ளமடுவத்து ஆயாவா?”

சீடேக்ஸுக்கு ஒரு குறை உண்டு. பெயர் எங்கே வரையறுக்கப்பட்டது என்று சொல்லுமே தவிர, அதை யார் யார் அழைக்கிறார்கள் என்று சொல்லாது. அதற்காக பெல் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஸ்டெஃபன் சீஸ்கோப் என்ற கருவியைச் செய்தார். தோட்டத்தில் அந்தச் சேவையைப் பீலிக்கரை இலவசமாக வழங்கிவருகிறது. யார் யாரைக் கூப்பிட்டார், எத்தனை மணிக்கு, எதற்கு என்பதெல்லாம் குடம் நிறைவதற்குள் கிடைத்துவிடும்.

4. வரையறை இல்லாத பெயர்கள்

நிரலில் ஒரு பெயரை அழைத்துவிட்டு எங்கும் வரையறுக்காமல் விட்டால், கணினி அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடும். தோட்டம் நிற்கவில்லை. இவர்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின், அதிகாலைப் பிரட்டில் அழைக்கப்பட்ட பெயர்களில் பெரும்பாலானவை தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் இருந்தன, வாக்காளர் இடாப்பில் இல்லை. கொழுந்தும் பாலும் மட்டும் குறையாமல் நிறுக்கப்பட்டன.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற 9,75,000 பேரைக் கணக்கெடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரின் வரையறை ஒத்திவைக்கப்பட்டு, 1974இல் இரு நாடுகளுக்கும் பாதிப் பாதியாகப் பங்கிடப்பட்டது. கடைசி முடிச்சு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அவிழ்ந்தது.

அகர வரிசையில் அடுக்கிய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடினால், 9,75,000 பெயர்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க 20 படிகள் போதும். இரண்டு அரசுகளுக்கு, 1948இலிருந்து எண்ணினால், 55 ஆண்டுகள் ஆயின.

5. முடிவும் பரிந்துரையும்

தோட்டத்து ஆள்களைப் பிறர் பட்டியலிட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தகரம், துண்டு, செக்ரோல் எல்லாமே ஆளைக் கண்டுபிடிக்கச் செய்தவை. அந்த ஆளைத் தேடி வருகிறவருக்காகச் செய்தவை அல்ல. எனவே இவ்வாய்வு பரிந்துரைப்பது ஒன்றே: காம்பராவுக்கு ஓர் இலக்கம், வீட்டுக்கு ஒரு முகவரி, தபால்காரர் வாசல் வரை வரும் வழக்கம்.

இம்முடிவை மறுக்க விரும்பும் அறிஞர்கள் தாராளமாகக் கடிதம் எழுதலாம். தோட்டப் பெயரைப் போட்டால் காரியாலயம் வரை நிச்சயம் வரும். அங்கிருந்து என் காம்பராவுக்கு வருவது கிளாக்கர் ஐயாவின் ஞாபகசக்தியைப் பொறுத்தது.